மச்சான் பிடிக்கும் கயிறு

எங்கள் ஊர் வேம்பார் முதுகுக்குப் பின்னால் மறைந்து வெகுநேரமாகியிருந்தது. முன்னால் அத்தான் நடந்துகொண்டிருந்தார். அவர் தோளில் ஒரு கயிற்றுச் சுருள். எண்ணெய் ஊறிக் கறுத்த கயிறு. வெயில் ஏற ஏற அதன் வாசனை பின்னால் வந்த என் மூக்கில் ஏறியது. கரியில் ஓடும் பஸ் ஒன்று நின்றது. கயிற்றோடு ஏறக்கூடாது என்றார் கண்டக்டர். கயிற்றை விட்டுவிட்டு ஏற அத்தானும் தயாராக இல்லை. தருவைகுளம் வரை நடந்து, கடற்கரை மணலில் படுத்துத் தூங்கி, மறுநாளும் நடந்தோம்.

யுத்தம் முடிந்திருந்த சமயம். எனக்கு இருபது வயது தாண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பிறகு உப்பளத்தில் உப்பு வாரினேன், கருவாட்டு வண்டி ஓட்டினேன், கொஞ்ச நாள் பஸ் கழுவினேன். எந்த இடத்திலும் யாரும் என்னை விரட்டவில்லை. நானாகவே ஒருநாள் கிளம்பிவிடுவேன். அந்தத் தடவை மனம் கொழும்பில் இருந்தது. தூத்துக்குடியில் ஏதாவது தோணியில் வேலைக்கு ஏறிவிட்டால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். தூத்துக்குடியையே நான் அதுவரை பார்த்ததில்லை.

அத்தான், அதாவது என் அக்காவின் புருஷன், சங்கு குளிப்பவர், கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். குளிக்கிறவனின் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வள்ளத்தில் ஒருவன் பிடித்திருப்பான். கீழே இருப்பவன் அசைத்ததும் அவன் இழுத்துத் தூக்க வேண்டும். எங்கள் கரையில் அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான், பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். மூழ்கியவன் வராமல் போனால் தாலி அறுப்பது கயிறு பிடித்தவனுடைய அக்காளோ தங்கையோதான். பிள்ளைகளோடு அவள் வந்து நிற்கப்போவதும் அவன் வாசலில்தான். அதனால் அவன் கை அசந்துபோகாது என்று கணக்கு.

கல்யாணத்துக்கு முன்பு அத்தான் தூத்துக்குடிக்காரர்தான். அவருடைய அண்ணனுக்கு மச்சான் ஒருவன் இருந்தான். அவனுக்குக் காய்ச்சல் கண்ட ஒருநாள் அத்தான் கயிறு பிடித்தார். அன்றைக்கு அண்ணன் உயிரோடு மேலே வரவில்லை. வீட்டில் பங்கு கிடைக்கும் என்றுதான் தம்பி மெதுவாக இழுத்தான் என்று கரையெல்லாம் பேச்சு. அத்தான் ஊரை விட்டு வேம்பாருக்கு வந்து, என் அக்காவைக் கட்டிக்கொண்டு, கரைவலை இழுத்துக் காலம் தள்ளினார். நாங்கள் கிளம்பிய அந்த வருஷம் வலையில் ஒன்றும் படவில்லை. தூத்துக்குடியில் வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி ஒருவர், கயிறு பிடிக்க ஆளோடு வந்தால் சங்கு குளிக்க இடம் தருவதாகச் சொல்லியனுப்பினார். அங்கே அத்தானுக்குக் கயிறு பிடிக்க யாரும் வரமாட்டார்கள் என்று சம்மாட்டிக்கும் தெரியும்.

கிளம்பும்போது அக்கா சொன்னாள்: "தம்பி, நீ பிடிச்சாத்தான் அவரு கடல்ல இறங்க முடியும். வீட்ல அரிசி கெடக்க கெடப்பு உனக்கே தெரியும்லா."

"பாப்போம்க்கா" என்றேன்.

தூத்துக்குடிக்கு வெளியே உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைப் பறித்தன. அவை எனக்குப் புதிதல்ல. அவற்றுக்கு அப்பால் தெரிந்த புகைபோக்கியும், ரயில் சத்தமும், தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகும் கூட்டமும்தான் புதிது. கப்பல்கள் கரைக்கு வராமல் அடிவானத்தோடு ஒட்டி நின்றன.

"ஏன் அத்தான் அங்கனயே நிக்கு?"

"இங்கன ஆழம் கிடையாதுல. தோணிதான் போயி சரக்க எடுத்துட்டு வரும்."

ஊரைச் சுற்றிக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேராகக் கடற்கரைக்குப் போனார். அங்கே கடலில் இறந்துபோனவர்களுக்காக ஒரு கல் நட்டிருந்தார்கள். ஆள் உயரம், சுண்ணாம்பு பூசியது, முகப்பில் பெயர்கள். சங்கு குளிப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் குளிப்பவர்கள் தங்கள் கயிற்றை அதன் அடியில் வைத்துவிட்டு எடுத்துப் போவார்கள். அந்தக் கல்லை நட்டபோது அத்தான் ஊரில் இல்லை. அவரும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

பக்கத்தில் மெழுகுத்திரி விற்றுக்கொண்டிருந்த பெண் அவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஏலே, அண்ணனுக்குக் கயிறு பிடிச்ச கைதானே அது?"

"ஆமாக்கா."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மச்சானாக்கும். கயிறு பிடிக்க ஆளு வேணும்னே பொண்ணு கட்டுனியோ?"

"ஒரு திரி குடுங்க" என்றார் அத்தான்.

அவருக்கு எழுத்துத் தெரியாது. நான் ஒவ்வொரு பெயராகக் கூட்டிப் படித்து அண்ணனின் பெயரைக் காட்டினேன். "நெசமா இதுதானா?" என்று கேட்டார். "இதுதான் அத்தான்" என்றேன். அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். கையை வெகுநேரம் எடுக்கவே இல்லை. திரி காற்றில் அணைந்துவிட்டது.

"பங்குக்காகன்னு சொல்லுதாங்க" என்றார். "என்ன பங்கு? ஓலக் கூரையும் ரெண்டு சட்டியும். அவன் மத்தவன விட ரெம்ப நேரம் கீழ கெடப்பான். சின்னப் புள்ளையில இருந்து பாக்கேன்லா. பக்கத்து வள்ளத்துக்காரன் இழுல, இழுலன்னு கத்துதான். அண்ணன் மூச்சு எனக்குத் தெரியாதாக்கும்னு நான் இழுக்கல." தோளில் இருந்து கயிற்றை இறக்கிக்கொண்டே, "மச்சானா இருந்தா பயந்து இழுத்துருப்பான்" என்றார்.

கயிற்றைக் கல்லடியில் வைத்தார். எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, வேறு ஏதோ பேச்சுப்போல, "கொழும்புக்குப் போணும்னு நினைக்க, என்ன?" என்றார்.

"யாரு சொன்னா?"

"அந்தக் கப்பலயேதான பாத்துக்கிட்டு வந்த. போறதுன்னா போ. அக்காட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

சாயங்காலம் தோணித்துறைக்குப் போனேன். கொழும்புத் தோணி ஒன்றின் தண்டல், காயல்பட்டினத்துக்காரர், பாயைத் தைத்துக்கொண்டிருந்தார். தோணியை நடத்துகிறவர் அவர்தான்.

"நீந்துவியா?" என்று கேட்டார்.

"நீந்துவேன்."

"அப்ப விடியக்காலம் வா. காத்து உனக்காக நிக்காது."

எத்தனையோ வருஷம் கழித்து, போன வருஷம்தான் அந்தக் கல்லை மறுபடி போய்ப் பார்த்தேன். சுற்றிலும் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். மேற்கொண்டு பெயர்கள் ஏறியிருக்கின்றன, இடம் போதாமல் பின்பக்கமும் வெட்டியிருக்கிறார்கள். அத்தானின் பெயர் அதில் இல்லை. அவர் பேரன் பேத்தி எடுத்து, கஞ்சியில் உப்பில்லை என்று அக்காவைத் திட்டிக்கொண்டே பாயில் கிடந்து இறந்தார்.

தண்டல் வரச் சொன்ன அந்த விடியற்காலையில், தோணித்துறைக்குப் போகும் வழியில்தான் வள்ளங்கள் கிடந்தன. மற்றக் குளிப்பாளிகளின் மச்சான்கள் கயிறுகளைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் மடியில் கயிற்றை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். என் கையில் துணிமூட்டை இருந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. "ஆளு எங்கல?" என்று சம்மாட்டி கேட்டபோதும் குனிந்து கயிற்றையே சுருட்டிக்கொண்டிருந்தார். நான் மூட்டையை வள்ளத்துக்குள் எறிந்துவிட்டு ஏறினேன்.

கடலுக்குள் போனதும் அத்தான் கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை என்னிடம் தந்துவிட்டு இறங்கினார். கயிறு ஓடியது, நின்றது. தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. கல்லின் மேல் அத்தான் வைத்த கை நினைவுக்கு வந்தது. அக்காவும் பிள்ளைகளும் என் வாசலில் வந்து நிற்பது தெரிந்தது. எனக்கு வாசலே கிடையாது. கயிறு அசையவில்லை. நான் இழுத்தேன், என் பலம் கொண்டமட்டும் இழுத்தேன்.

அத்தான் வெறுங்கையோடு மேலே வந்தார். "ஏலே, சங்கு மேல இன்னும் கையே வைக்கலல, அதுக்குள்ள என்னல இழுப்பு?"

வள்ளத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, வள்ளத்து விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்கினார். பிறகு என் கையில் இருந்த கயிற்றை ஒரு தரம் சுண்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் இறங்கினார்.