பெட்டி வாசலில் இருந்தது

சந்தேகப்படுவதுதான் பத்மஜாவின் வேலை. மாட்டுங்காவில் பிறந்து, திலக் நகரில் குடியிருப்பவள். ஒரு கருவி சொன்ன இடத்தில்தான் இருக்கிறதா என்று இரு பக்கமிருந்தும் ஒளித்துகள்களை அனுப்பி அறியும் குவாண்டம் முறைகளில் ஓட்டை தேடுவாள். பதில் திரும்பும் நேரம் தூரத்தைக் காட்டிவிடும். ஒளியை யாரும் முந்த முடியாது. ஆனாலும் தள்ளி நிற்கும் இரண்டு பேர், பின்னிப் பிணைந்த துகள்களை முன்பே பங்கிட்டுக்கொண்டால், கருவி அங்கே இருப்பதுபோல் ஏமாற்றிவிடலாம். அதற்கு வேண்டிய அளவு துகள்களை யாராலும் சேர்த்து வைக்க முடியாது என்று நிரூபிக்க அவளுக்குப் பல வருடங்கள் ஆயின.

செம்பூரில் ஒரு கெமிக்கல் கோடவுன் அந்த முறையைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. ஒவ்வொருவர் இடுப்பிலும் அந்தக் கருவி வைத்த ஒரு பெட்டி. உள்ளே யார், வெளியே யார் என்று ஆபீஸ் திரை காட்டும்.

அங்கே மூட்டை சுமந்தவர் தாராவி வேல்ராஜ். குனிந்தால் பெட்டி விலாவில் குத்தும். மற்றவர்களைப் போல அவரும் அதை வாசலுக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போவார். சூப்பர்வைசர் கண்டுகொள்ளவில்லை.

மே மாதம், ஒரு மத்தியானம் தீப்பிடித்தது. எல்லாரும் வெளியே என்றது திரை. தீயணைப்புக்காரர்களிடம் மானேஜர் அதையே சொன்னார். வேல்ராஜின் உடலை மறுநாள்தான் எடுத்தார்கள்.

விசாரணையில் கம்பெனி வக்கீல் பத்மஜாவின் நிரூபணத்தையே எடுத்துக் காட்டினார்.

"கருவியை ஏமாத்த முடியாதுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"பெட்டி எங்கே இருக்குன்னுதான் எழுதினேன். ஆள் எங்கேன்னு எழுதலை."

"அப்போ பெட்டியைக் கழட்டினது அவர் தப்பு."

அறிக்கையும் அப்படியே வந்தது.

பத்மஜா வேல்ராஜின் மனைவி விஜயராணியைத் தேடிப் போனாள். குறுகலான ஏணி ஏறி, மேல் அறையில் தரையில் உட்கார்ந்தாள்.

"கணக்குல எதும் தப்பாக்கா?" என்று கேட்டாள் விஜயராணி.

"இல்லே. கணக்கு சரிதான்."

"தப்புன்னு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறும். இப்ப எல்லாப் பழியும் அவுக தலையிலல்லா விழுது."

கெட்டிக்காரத் திருடர்களையெல்லாம் யோசித்த பத்மஜா, விலா வலிக்கும் ஒரு மனிதரை யோசிக்கவில்லை.

தீப்பிடித்தால், திரை என்ன சொன்னாலும் உள்ளே போய்த் தேட வேண்டும் என்று அவள் கம்பெனிக்கு எழுதினாள். பதில் வரவில்லை. இப்போது கோடவுனில் பெட்டியைக் கழற்ற முடியாதபடி இடுப்போடு பூட்டிவிடுகிறார்கள். சாவி மானேஜரிடம் இருக்கிறது.