கேட்டோரத்து மண்

ஏரிக்கரை வயலைத்தான் இந்த வருடம் முன்மாதிரி வயலாக எடுக்கப்போகிறார்களாம். பால்வண்டிக்காரர் சொன்னதாகப் பக்கத்து வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள். "ஆபீஸ்காரங்க வந்து போட்டோ எல்லாம் எடுப்பாங்களாம். உங்க ஓரகத்திக்கு வந்த வாழ்வப் பாத்தீங்களா?"

பார்க்காமல் என்ன? கொழுந்தனைக் கட்டிக்கொண்டு அவள் வந்த நாளிலிருந்து மண்காரி அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மண்காரி என்பது ஊர் வைத்த பெயர். வயல் வயலாகப் போய், நீளக் குழாயைக் குத்தி மண்ணெடுத்து, அதில் பாஸ்பரஸ் எவ்வளவு தேங்கியிருக்கிறது, நிலம் எந்தப் பக்கம் சரிகிறது, மழை பெய்தால் அந்தச் சத்து ஏரிக்குப் போய்ச் சேருமா என்று மதிப்பிடுவது அவள் வேலை. போய்ச் சேர்ந்தால் ஏரி பாசி பிடித்து நாறும். "மண்ணுல சரக்கு இருந்தா மட்டும் ஆபத்து இல்லீங்க, அது வெளிய போக வழியும் இருக்கணும்" என்பாள். அவள் வயிற்றெரிச்சலும் அப்படித்தான். சரக்கு எப்போதும் இருந்தது, வழிதான் அமையவில்லை.

ஓரகத்திக்கு ஏரியைப் பார்த்த வீடு, கொழுகொழு மாடுகள், எல்லாவற்றுக்கும் மேலே, மாமியாரின் "என் சின்ன மருமக" என்ற பாட்டு. போதாததற்குக் கரையோரம் அகலமாகப் புல் வேறு. ஓடிவரும் மண்ணைப் பிடித்து நிறுத்துகிற புல். தெரிந்தே வளரவிட்டதா என்றால் அதுவும் இல்லை, வெட்டச் சோம்பல். சிலருக்குச் சோம்பல்கூட அதிர்ஷ்டமாகிவிடுகிறது!

தேர்வுக்கு முன் அந்த வயலை மதிப்பிடும் வேலை மண்காரிக்கே வந்தது. குறுக்கும் நெடுக்குமாக நடந்து பல இடங்களில் குத்தவேண்டும். மாடுகள் கூடி நிற்கும் கேட்டுப் பக்கம் மட்டும் குத்தக்கூடாது. சாணம் ஊறிய அந்த மண் முழு வயலைப் பற்றியும் பொய் சொல்லும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லித்தரும் முதல் பாடம் இது. அன்று அவள் கேட்டோரத்தைத் தாண்டவே இல்லை. குத்திய இடத்திலெல்லாம் குழாய் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இந்த மண்ணில் வரப்போகும் பாஸ்பரஸ் அளவிலிருந்து எந்தப் புல்லாலும் வயலைக் காப்பாற்ற முடியாது. பையைக் கட்டிச் சோதனைக்கூடத்து வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, வெயில்ல நிக்காதீங்க. காபி கலந்துட்டேன்" என்று ஓரகத்தி கூப்பிட்டாள்.

அடுக்களை மேசையில் மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா வரும்?"

"அதிகம்னு வந்தா வயல்ல எருப் போடக்கூடாது, அவ்வளவுதான்."

"அப்ப இத்தன சாணத்த எங்க கொட்டறது? மாட்டயும் வீட்டயும் வித்துட வேண்டியதுதான்." ஓரகத்தி சிரித்தாள். "அதுக்கும் பேசி வச்சாச்சு. உங்க மாடி சும்மாதான கிடக்கு, அங்க வந்துடறோம். உங்க வீட்டுக்காரரும் சரின்னுட்டாரே."

"அவரா?"

"உங்ககிட்ட சொல்லலையா?"

"நானும் வர்றேன்டி" என்றார் மாமியார். "சின்னவ கையால சாப்பிடலன்னா எனக்குச் சோறு இறங்காது. நீ நிம்மதியா வேலைக்குப் போ, உன் அடுப்ப இவ பாத்துக்குவா."

மண்காரி காபி டம்ளரை மேசையில் வைத்தாள். தன் மாடி, தன் அடுப்பு, நாளைக்கு வீட்டுக்காரரும் 'தங்கச்சி கைப்பக்குவமே தனி' என்பார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டாயிற்று.

"எது வந்தாலும் சரிக்கா" என்றாள் ஓரகத்தி. "நீங்க எடுத்த மண்ணு பொய் சொல்லாது."

அதற்குமேல் அங்கே உட்காரமுடியவில்லை. போனை எடுத்துக்கொண்டு கேட்டடிக்கு வந்து சோதனைக்கூடத்தை அழைத்தாள். 'அந்தப் பையைப் பிரிக்காதீங்க, தப்பான இடத்து மண்ணு, மறுபடி எடுத்து அனுப்பறேன்' என்று சொல்லவேண்டும். சொன்னால் இத்தனை வருடம் சேர்த்த பெயர் போகும். சொல்லாவிட்டால் வீடு போகும்.

அடுக்களையில் மாமியாரும் மருமகளும் எதற்கோ சேர்ந்து சிரித்தார்கள். மண்காரியோடு மாமியார் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

செருப்பு சேற்றில் புதைய, போனைக் காதில் இன்னும் அழுத்தினாள். எடுங்களேன்! மணி அடித்துக்கொண்டே இருந்தது.