வெயிலில் ஓட்டிப் பார்த்த கார்ட்

என் மனைவி, இன்னும் கட்டாத வீடுகளுக்குள் ஆட்களை நடக்க வைப்பவள். வரைபடத்தை வாங்கிக் கணினியில் சுவர் எழுப்பி, ஓடு போட்டு, ஜன்னலால் வெயிலையும் உள்ளே விட்டு, ஒரு சிறிய படமாக்கிக் கொடுப்பாள். வெளிநாட்டிலிருந்து ஊரில் வீடு கட்டுகிறவர்கள்தான் பெரும்பாலும் அவளைத் தேடி வருவார்கள்.

யாழ்ப்பாணக் கடலோரத்துக் கொழும்புத்துறையில் நாங்கள் இருக்கும் வீட்டில் அவளுடைய வேலை அறை மேற்குப் பக்கம். சித்திரை மாதம், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பும் வரைக்கும் அந்த அறைக்குள் மத்தியானத்தில் நிற்க முடியாது. அப்படி ஒரு மத்தியானத்தில், கனடாவில் இருக்கும் ஒருவர் கோப்பாயில் தன் தாய்க்குக் கட்டவிருந்த வீட்டை அவள் படமாக்கிக்கொண்டிருந்தபோது திரை கறுத்துப்போனது. கணினிப் பெட்டியைத் தொட்ட நான் சட்டென்று கையை எடுத்துவிட்டேன். அவள் பெட்டியைத் திறந்து தூசி தட்டினாள், மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள். கொஞ்ச நேரம் ஓடியது, பிறகு நின்றேவிட்டது. உள்ளேயிருந்து படங்களை உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்ட் வெந்துபோயிருந்தது.

அடுத்த நாள் யாழ்ப்பாணம் டவுனில் வழக்கமாகப் போகும் கணினிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு கார்ட்டுகளை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்று மெல்லியது, வண்ண விளக்குகள் ஓடும், வேகமும் விலையும் கூடியது. மற்றது செங்கல் மாதிரித் தடித்த கறுப்புக் கட்டை. மூன்று விசிறிகள், விளக்கு எதுவும் இல்லை, வேகமும் ஒரு படி குறைவு. எனக்கு முதலாவதைப் பார்த்த உடனேயே பிடித்துவிட்டது.

"அண்ணை, உது வேலை செய்யேக்கை எவ்வளவு சூடாகும்?" என்று அவள் அந்த விளக்குக் கார்ட்டைக் காட்டிக் கேட்டாள்.

"எழுபது டிகிரிக்கு மேலை போகாது. நானே ஓட்டிப் பாத்தனான்."

"எங்கை வைச்சு ஓட்டினனீங்கள்?"

"இஞ்சைதான், கடைக்குள்ளை."

அவள் தலையை உயர்த்தி, குளிர்காற்றை இறைத்துக்கொண்டிருந்த ஏசியைப் பார்த்தாள். "எங்கடை வீட்டிலை உது இல்லையே அண்ணை. மத்தியானத்திலை என்ரை அறை அடுப்படி மாதிரி இருக்கும். வெளியிலை வைச்சு ஒருக்கா ஓட்டிக் காட்டுவீங்களே?"

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "ஏனப்பா அந்த மனுசனுக்குக் கரைச்சல் குடுக்கிறாய்?" என்று மெதுவாகச் சொன்னேன்.

கடைக்காரர் கோபிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "ஓம், கேக்கிறது நியாயம்தான். நானும் உப்பிடி ஒருநாளும் பாத்ததில்லை. வாங்கோ" என்று தன் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டிலுக்கு நடந்தார். அவள் கோப்பாய் வீட்டைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தாள். கேட்டே தீருவது என்று முடிவெடுத்துத்தான் வீட்டிலிருந்து புறப்பட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

முதலில் விளக்குக் கார்ட். ஆரம்பத்தில் பாய்ந்து ஓடியது. நான் அவளைப் பெருமையாகப் பார்த்தேன். ஆனால் தகரத்தின் வெக்கையில் சூடு ஏறி எண்பதைத் தாண்டியதும் விசிறிகள் இரைந்தன, படம் ஊரத் தொடங்கியது.

"பழுதாப்போச்சோ?" என்று கேட்டேன்.

"இல்லையப்பா. சூடு கூடினா உது தன்னைக் காப்பாத்த வேகத்தைக் குறைக்கும்."

பிறகு அதே படத்தைக் கறுப்புக் கட்டையில் ஓட்டினார்கள். மெதுவாகத் தொடங்கியது. சூடு எழுபதைக் கடந்து ஓரிடத்தில் நின்றது, அதற்கு மேல் ஏறவேயில்லை. சத்தமும் இல்லை. நாங்கள் மூவரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தேநீர் குடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் வேகமானதை விட இதுவே முந்தி முடித்தது.

கடைக்காரர் சிரித்தார். "இவ்வளவு நாளும் குளிருக்குள்ளை வைச்சுப் பாத்துப்போட்டு வெயிலுக்குள்ளை இருக்கிற ஆக்களுக்கு வித்திருக்கிறன்."

அந்த வார்த்தையை அவர் சொல்லாமலே விட்டிருக்கலாம். விலை கூடிய கார்ட்டைப் புகழ்ந்து எங்கள் கையில் கொடுத்திருக்கலாம், நானோ வாங்கத் தயாராகத்தான் நின்றேன். அதைவிட இன்னொன்றும் சொன்னார்: "தங்கச்சி, உது சூட்டைப் பெட்டிக்குள்ளைதான் தள்ளும். அந்தக் காத்து வெளியிலை போக வழி வேணும். நாளைக்கு உங்கடை பெட்டியைக் கொண்டு வாங்கோ, பின்பக்கம் ஒரு விசிறி பூட்டி விடுறன்." அவள் அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை. பெட்டிக்குள் காற்று எப்படிப் போகும் என்று இருவரும் கையால் காற்றில் வரைந்து கதைத்துக்கொண்டு நின்றதை, தேநீர்க் கோப்பைகளோடு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலையே மறந்துவிட்ட இரண்டு பேர்.

கறுப்புக் கட்டையையே வாங்கிப் பூட்டி வந்தபின் மேசையை மேற்குச் சுவரிலிருந்து விலக்கிப் போட்டாள். கடற்காற்றின் உப்பு நேரே அடிக்காத மூலையாகப் பார்த்துப் பெட்டியை வைத்தாள். மத்தியான வெக்கையில் அது ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்து நிம்மதியாகச் சோறு சாப்பிட்டாள்.

படம் முடிந்ததும் கோப்பாய்க்குப் போய் அந்தத் தாய்க்கு மடிக்கணினியில் காட்டினோம். அவர் ஒவ்வோர் அறையாகப் பார்த்து, அடுப்படிக்கு வந்ததும் நிற்பாட்டச் சொன்னார்.

"எல்லாம் வடிவா இருக்கு பிள்ளை. இந்த ஜன்னல் மட்டும் கிழக்காலை இருந்தா, விடிய நான் தேத்தண்ணி வைக்கேக்கை வெளிச்சம் விழும்."

"ஓமம்மா, மாத்திப்போட்டுக் கொண்டு வாறன்" என்றாள் என் மனைவி, முகத்தில் அலுப்பின் நிழல்கூட இல்லாமல்.

மறுபடியும் முழுவதையும் ஓட்ட வேண்டியிருந்தது. ஓட்டினாள். இப்போது கோப்பாயில் சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாய் பின்னேரங்களில் போய், அடுப்படி ஜன்னலுக்கு விட்டிருக்கும் அந்தக் கிழக்குப் பக்க இடைவெளிக்கு முன்னால் நின்று பார்க்கிறாராம்.