வேகம் பார்த்து நடுங்கும் கை

கார் என் பணத்தில் வாங்கியது. பதிவு மட்டும் மகன் பெயரில். உங்களுக்கு வாகன யோகம் இல்லை, பையன் பெயரில் வாங்குங்கள் என்று ஜோசியர் சொன்னார். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவன் அதற்குத் தலையாட்டினேன் பாருங்கள்!

சனிக்கிழமைதோறும் மனைவியை ஊரப்பாக்கத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அழைத்துப் போவேன். அவளுக்கு முழங்கால் போய்விட்டது, பஸ் படி ஏற முடியாது. ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் மிச்சமிருந்த ஒரே அதிகாரம் அந்த ஸ்டியரிங்தான்.

ஆயுத பூஜைக்கு அடுத்த சனிக்கிழமை, பொத்தேரி தாண்டி வேகம் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது. சீட்டும் அதிர்ந்தது. அறுபதுக்கு இறங்கினால் ஒன்றுமில்லை. திரும்பி வந்ததும் மகனிடம் சொன்னேன். அவன் ரயிலில் ஆபீஸ் போகிறவன், வண்டியைக் கடைத்தெருவுக்கு மட்டும் எடுப்பான். காலனித் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான்.

"வண்டி நல்லாத்தாம்பா இருக்கு. உங்க கைதான் ஆடுது."

என் கைக்கு ஸ்பீடோமீட்டர் படிக்கத் தெரியுமா, அறுபதில் அடங்கி எண்பதில் ஆடுவதற்கு? கேட்டேன். வயசானா ஒத்துக்கணும் என்றான். சீட் அதிர்ந்ததா இல்லையா, நீயாவது சொல் என்று மனைவியிடம் கேட்டேன். ரோடு அப்படி இருந்திருக்கும் என்றாள். வேலிக்கு ஓணான் சாட்சி.

தீபாவளிக்கு அவன் மாமனார், மாமியார் வந்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். மகன் என் கையை நீட்டச் சொன்னான். ஏதோ விளையாட்டு என்று நீட்டினேன். விரல்கள் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தான். தாள் நடுங்கியது. யார் கையில் வைத்தாலும் நடுங்கும், மேலே ஃபேன் வேறு சுற்றுகிறது. சம்பந்தி வாய்விட்டுச் சிரித்தார்.

"இந்தக் கைய நம்பித்தான் அம்மா ஹைவேஸ்ல போறாங்க" என்றான்.

அன்றைக்கே சாவியை எடுத்துத் தன் ஆபீஸ் பைக்குள் போட்டுக்கொண்டான். பெற்ற பிள்ளை மேல் அப்படி ஒரு வெறுப்பு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. வந்தது. அடுத்த சனிக்கிழமை மனைவி வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிட்டாள்.

பீரோவில் புடவைகளுக்கு அடியில் இன்னொரு சாவி இருந்தது. அவன் ஆபீஸ் போனதும் எடுத்தேன். பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலை கியருக்குப் பின்னால் இருக்கும் குழியில் வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறினேன். அறுபதில் தண்ணீர் சும்மா இருந்தது. எண்பதில் பொடிப்பொடியாக நடுங்கியது. தண்ணீருக்குமா வயசாகிவிட்டது? தனியாக உட்கார்ந்து சிரித்தேன், கண்ணிலும் தண்ணீர் வந்தது.

நேராக ஒரு டயர் கடைக்குப் போனேன். எண்பதுக்கு மேல் மட்டும் ஆடுகிறது, சக்கரத்தில்தான் கோளாறு என்றேன். கடைக்காரர் நாலு சக்கரத்தையும் கழற்றி மெஷினில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார்.

"வெயிட்டே இல்ல சார். யாரோ சொரண்டி எடுத்துகீறாங்க."

சக்கரம் ஒரே சீராகச் சுற்ற அதன் உள்பக்கம் சின்னச் சின்ன எடைத் துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். பார்க்க அழுக்குச் சாம்பல் நிறம். ஆயுத பூஜை அன்று காலை மகன் உட்கார்ந்து சக்கரம் கழுவியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தார் ஒட்டியிருக்கிறது என்று தோசைத்திருப்பியால் ஒவ்வொன்றாகச் சுரண்டிப் போட்டான். வெள்ளிப் பாத்திரம் மாதிரி ஆக்கிட்டான் என்று அவன் அம்மா பூரித்துப்போனாள். அந்தச் சக்கரங்களுக்குத்தான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

புது வெயிட் ஒட்டி வாங்கிக்கொண்டு, மறுபடி பொத்தேரி தாண்டி அழுத்தினேன். பாட்டில் தண்ணீர் அசையவில்லை.

சாயந்திரம் அவன் ஷூவைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். தோசைத்திருப்பி உட்பட. மனைவி அடுக்களை வாசலில் நின்று கேட்டாள். ஒரு வார்த்தை, தப்பு என்னோடதுப்பா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனையும் மறந்திருப்பேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"நல்லதாப் போச்சு. கண்டிஷன்ல இருக்கறப்பவே குடுத்துடலாம். ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு."

என் வண்டிடா அது என்றேன். பேப்பர் அவன் பெயரில் இருந்தது. அவன் அதைச் சொல்லிக்காட்டக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆபீஸ்காரர் வந்தார். செங்கல்பட்டு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, நூறுல போனாக்கூட ஆட்டமே இல்ல சார், நல்லா வச்சிருக்கீங்க என்று என்னிடம் சொன்னார். பீரோவில் இருந்த இன்னொரு சாவியையும் கொடுத்துவிடச் சொன்னான் மகன். நான்தான் எடுத்து வந்து நீட்டினேன்.

அப்போது கை நடுங்கியது. சாவி வளையத்தில் மோதிக் கலகலவென்று சத்தம் போட்டது. எல்லோரும் பார்த்தார்கள்.

"நான் சொன்னேன்ல?" என்றான் மகன், அவன் அம்மாவிடம்.