பௌர்ணமியன்று வந்த செல்லோ

போன வருடம் ஒரு பௌர்ணமியன்று, எங்கள் திருவண்ணாமலையில் நடந்தது இது. நான் இங்கே ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு மேற்கத்திய இசைக்குழுவை அழைத்திருந்தோம். அவர்களுக்கு வேறு தேதியே கிடைக்கவில்லை. கிரிவலக் கூட்டத்தில் ஊர் எப்படித் திணறும் என்று தெரிந்தும், சமாளித்துவிடலாம் என்று சொன்னது நான்தான்.

குழு காலையிலேயே வந்து இறங்கிவிட்டது. தனியாக வாசிக்க வேண்டிய பெண்ணுக்கு மட்டும் அன்று கல்லூரியில் தேர்வு. எழுதி முடித்துவிட்டு பஸ்ஸில் வந்தாள். பௌர்ணமி என்றால் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே திண்டிவனம் சாலையிலேயே நின்றுவிடும். நான் நடந்தே போனேன். கூட்டத்துக்கு நடுவில், தன் உயரத்துக்கு இருந்த ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டு ஒல்லியாக நின்றிருந்தாள். உள்ளே செல்லோ. வயலின் மாதிரியே இருக்கும். ஆனால் தரையில் ஊன்றி, உட்கார்ந்து வாசிக்க வேண்டிய பெரிய வாத்தியம்.

ஆட்டோ எதையும் உள்ளே விடவில்லை. "ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சிட்டு நடந்துடலாமா?" என்றேன்.

அவள் தயங்கவே இல்லை. "இல்லைங்க மேடம். இவ்ளோ தூரம் தூக்கினா கை நடுங்கும், அப்புறம் வாசிக்க முடியாது. தூக்க வேற யாராவது கிடைப்பாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. வீட்டிலும் பள்ளியிலும் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்து பழகியவள் நான். இந்த வயதில் இத்தனை அலட்டலா என்று நினைத்துக்கொண்டே பெட்டியை என் முதுகில் மாட்டிக்கொண்டேன். கொஞ்ச தூரத்திலேயே தோள் விட்டுப்போனது. நிகழ்ச்சி தொடங்கும் நேரமோ நெருங்கிவிட்டது.

அவளே ஒரு தள்ளுவண்டியை நிறுத்தினாள். வெள்ளரிப் பிஞ்சு விற்கும் பாய் ஒருவர். "அண்ணா, இந்தப் பெட்டிய ஸ்கூல் வரைக்கும் கொண்டுவந்து தர்றீங்களா? இன்னிக்கு ஆர்கெஸ்ட்ராவுல நான் வாசிக்கணும்."

"ஆர்கெஸ்ட்ராவா? சினிமா பாட்டாம்மா?"

"இல்லண்ணா, பாட்டே இருக்காது. வந்து கேட்டுப் பாருங்க."

அவர் சிரித்துவிட்டார். பிஞ்சுகளை ஒரு ஓரமாகத் தள்ளி, கோணியை மடித்து விரித்து, "ஏத்துங்கம்மா" என்றார். எதிரே வந்த கூட்டத்தைப் பார்த்து, "வழி உடுங்க, வாத்தியம் போவுது!" என்று குரல் கொடுத்தார். ஜனங்கள் விலகினார்கள். வேகத்தடையில் சக்கரம் ஏறாமல் நின்றபோது யார் யாரோ கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். பிஞ்சு கேட்டவர்களிடமெல்லாம், "திரும்பி வரும்போது தர்றேன், இப்ப ஜல்தியா போவணும்" என்றார். அவள் வெறும் கையோடு, விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே பக்கத்தில் நடந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழு வேறு எதையோ வாசித்து நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. அன்று அவளோடு ஒத்திகையே நடக்கவில்லை. குழுவை நடத்துபவர் கவலையோடு பார்த்தார். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சுருதி சேர்த்துக்கொண்டு மேடை ஏறினாள்.

ஆரம்பத்தில் எல்லா வாத்தியங்களும் சேர்ந்து ஒரே ஆரவாரமாகப் போனது. சினிமாப் பாட்டை எதிர்பார்த்து வந்த பின்வரிசைப் பையன்கள் நெளிந்தார்கள். பிறகு மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கி, செல்லோவின் ஒற்றைத் தந்தி மட்டும் மிஞ்சியது. மெல்லிய, நீண்ட ஒரு ஒலி. வில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஊர்ந்தது. மேடை ஓரத்தில் நின்ற நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மயிரிழை நடுங்கினாலும் மண்டபம் முழுக்கத் தெரிந்துபோகும். நடுங்கவில்லை. சாலையில் அவள் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது அலட்டல் இல்லை. தன் வேலை என்னவென்று தெரிந்தவளின் பேச்சு. பின்வரிசைப் பையன்கள் நெளிவதை விட்டுவிட்டு மேடையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடிந்ததும் முதல் கைதட்டல் வாசலிலிருந்து வந்தது. வண்டி மேல் ஒரு கண்ணை வைத்தபடி பாய் அங்கேயே நின்றிருந்தார். அவள் மேடையிலிருந்து இறங்கி நேராக அவரிடம் ஓடினாள்.

"எப்படிண்ணா இருந்துச்சு?"

"பாட்டே இருக்காதுன்னு சொன்னியேம்மா. கேட்டுட்டு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, வியாபாரத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

இப்போதெல்லாம் விடைத்தாள் திருத்தும் நாட்களில் அடுப்படியை வீட்டுக்காரரிடம் விட்டுவிடுகிறேன். என் கை எதற்கு வேண்டும் என்று எனக்குத் தெரிந்தால், மற்றதற்கு இன்னொருவர் கையைக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்பதை என் வயதில் பாதிகூட இல்லாத ஒரு பெண்ணிடமிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.