மேளம் நிற்காத கல்யாணம்

பெரிய ஹீரோ படம் பார்க்கத்தான் நானும் என் நாத்தனாரும் கிளம்பினோம். போனால் ஹவுஸ்ஃபுல் போர்டு தொங்குகிறது. மஞ்சக்குப்பத்திலிருந்து வெயிலில் நடந்த கால், உட்கார இடம் கேட்டது. பக்கத்துத் தியேட்டரில் ஏதோ ஒரு படம், உள்ளே போய்விட்டோம். மொத்தமே இருபது பேர். படத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. நாதஸ்வரம் வாசிக்கிற அண்ணன் தம்பி, பிழைப்புக்கு அல்லாடுகிற கதை. ஃபேன் காற்று வந்தால் போதும் என்று சாய்ந்துகொண்டேன்.

பாதியில் ஒரு கல்யாண வீடு வந்தது. விடிந்ததிலிருந்து ஊதிய அண்ணன்காரன், வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டு இட்லி கேட்கிறான். பெண்ணைப் பெற்றவள் பட்டுப்புடவையோடு வந்து, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாப்புடட்டும். நீங்க ஊதுங்க" என்கிறாள். அவன் நாதஸ்வரத்துச் சீவாளியை உதட்டில் நனைத்து மறுபடி ஊதுகிறான். அவன் தொண்டை ஏறி இறங்குவதையே ரொம்ப நேரம் காட்டினார்கள்.

நாத்தனார் என் காதோரம் குனிந்து, "அண்ணி, அவ அப்புடியே உங்கள மாதிரியே பேசறா" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பேச்சு நான் பேசியதுதான்.

சுனாமி வந்த மறுவருஷம் சிதம்பரத்தில் என் பெண் கல்யாணம். விடியற்காலையில் வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டு வேன் வழியில் நின்றுபோனது. அவுங்க மண்டபத்துக்குள் கால் வைக்கும்போது மேளம் முழங்கவேண்டும், எங்கள் பக்கத்து வழக்கம் அது. எப்போது வருவார்களோ என்று மேளக்காரர்களை வாசலை விட்டு நான் நகரவிடவில்லை. நாதஸ்வரக்காரர் வயசானவர். கூட வந்தவர்கள் வெறும் வயிறு என்று மெல்லச் சொன்னார். ஊதுங்க என்றேன். கடைசிப் பந்தியில் அவர்கள் உட்கார்ந்தபோது சோறும் ரசமும்தான் மிச்சம். பார்த்துக்கொண்டே தாண்டிப் போனேன். கல்யாணத்தில் மேளம் நிற்கவே இல்லை என்று அஞ்சு வருஷமாய்ப் பெருமை பேசியிருக்கிறேன்.

அடுத்த வாரம் தனியாகச் சிதம்பரம் பஸ் ஏறினேன். மன்னிச்சுடுங்க என்று நான் கட்டின புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. வழி முழுக்க அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனேன்.

மண்டபத்து வாட்ச்மேன் நாதஸ்வரக்காரர் வீட்டைக் காட்டினார். பெரியவர் இருந்தார். நான் யாரென்று கேட்கவில்லை. உள்ளே பார்த்து, வெயில்ல வந்திருக்காங்க, முதல்ல காபி கொடு என்றார். வேன் நின்றுபோன கல்யாணம் என்று அடையாளம் சொன்னேன். யோசித்துப் பார்த்துச் சிரித்தார்.

"எதுன்னு ஞாபகம் வரலயேம்மா. காத்துக் கெடக்கறதும் கடைசிப் பந்தியும் எல்லாக் கல்யாணத்துலயும் உண்டு."

மறந்திருந்தால் என் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. வாய்வரை வந்த சொல்லை விழுங்கிவிட்டு, "ஆவணியில ஒரு விசேஷம். வருவீங்களான்னு கேக்க வந்தேன்" என்றேன். எங்கள் வீட்டில் ஒரு விசேஷமும் இல்லை.

பெரியவர் முகம் மலர்ந்து போய், ஆணியில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்து வந்தார். ஆவணியைப் புரட்டி வைத்துக்கொண்டு, எந்தத் தேதி என்று பென்சிலோடு என்னைப் பார்த்தார்.

சொல்லி அனுப்புகிறேன் என்று எழுந்துவிட்டேன். மறுபடியும் அவரைக் காக்கவைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.