மிக்கேல்ராஜ் போட்ட பூட்டு

திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடுக்கிற எங்கள் மிக்கேல்ராஜ் அண்ணனுக்கு உலகத்தில் ஒரே எதிரி, காப்பி அடிக்கிறவன். தான் எடுத்த படத்தை எவனோ செல்போனில் சுற்றுக்கு விடுவது அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். அதனால் எல்லா வீடியோவுக்கும் ரகசியக் குறியீட்டுப் பூட்டு போட்டார். எந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாரோ அதில் மட்டும்தான் படம் ஓடும்.

எதிர்க்கடையில் கம்ப்யூட்டர் விற்கும் முகமது ரஃபீக் டீ குடிக்க வரும்போதெல்லாம் அவரை வம்புக்கு இழுப்பார்.

“பூட்டு கெட்டிதாண்ணே. ஆனா படம்னா யாராச்சும் பாக்கணும்ல? பாக்கும்போது தெறந்துதான கெடக்கும்?”

“எந்தக் கொம்பனாலயும் தெறக்க முடியாது பாய். என்னாலயே முடியாது.”

அந்தக் கடைசி வார்த்தையை மனுஷன் செத்த நேரம் யோசித்திருக்கலாம்.

மகள் ஆனந்தி சின்ன வயதில் சர்ச்சில் முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை வீடியோவுக்கும் அதே பூட்டுதான். ஒரு கிறிஸ்துமஸ் அன்று வீட்டுக் கம்ப்யூட்டரை டிவியில் இணைத்து அதைப் போட்டபோது கொழுந்தியா ரோஸ்மேரி செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். அண்ணன் குதித்த குதியில், அவள் சிறுமலையிலிருந்து கொண்டுவந்த வாழைப்பழத்தை யாரும் தொடவில்லை. அழித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிவிட்டாள்.

இந்த வருஷம் ஆனந்திக்கு நிச்சயதார்த்தம். மண்டபத்தில் அந்த வீடியோ ஓட வேண்டும், அது ஒன்றுதான் அவள் கேட்டது. அண்ணன் புதுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். ஓடவில்லை. பழையதை எக்ஸ்சேஞ்சில் ரஃபீக்கிடமே கொடுத்திருந்தார். ரஃபீக் அதைச் சுத்தமாகத் துடைத்து விற்றும் விட்டார். முதலில் படம் பிடித்த கேசட்டின் மேலேயோ, சிக்கனம் பார்த்து, வேறொருவர் கல்யாணத்தை எடுத்தாகிவிட்டது.

“நீங்க சொன்னது நெசந்தாண்ணே. நல்ல பூட்டு,” என்றார் ரஃபீக். கிண்டல் இல்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அண்ணன் கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துத் திரும்பப் போட்டதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று ரோஸ்மேரி வந்து செல்போனை நீட்டினாள். “அழிக்க மனசு வரல மச்சான்.”

செல்போனை இணைத்ததும் மண்டபத்துத் திரையில் வெள்ளை கவுனும் மெழுகுவர்த்தியுமாகச் சின்ன ஆனந்தி. ஓரத்தில் யாருடைய தலையோ மறைத்தது, நடுவில் குக்கர் விசில் அடித்தது. ஆனந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். அப்போது வீடியோவுக்குள்ளிருந்து மண்டபம் முழுக்க அண்ணன் குரல் கேட்டது: “ஏய், யாரது போன்ல எடுக்குறது? ஒருத்தரும் காப்பி எடுக்கக் கூடாது, சொல்லிப்புட்டேன்.”

சம்பந்தி வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணனும் வேறு வழியில்லாமல் சிரித்தார். பிறகு மெதுவாகக் கொழுந்தியா பக்கம் நகர்ந்தார்.

“தாயி, அத எனக்கும் ஒண்ணு அனுப்பு.”

“பூட்டுப் போட்டா, போடாமலா மச்சான்?” என்றாள் ரோஸ்மேரி.